அரிய வியாதியும் அன்றாட மாத்திரையும்

(வடக்கனந்தலில் கூடிய ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் நமது மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை. வர இயலாத நண்பர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே அச்சிடப்படுகிறது.)



இப்படிப்பட்ட கூடுகைகளில் பிரசவம், பாம்புக்கடி, காசநோய், குழந்தைகளின் காய்ச்சல் என்று எல்லா வீட்டுக்கும் தெரிந்த காரியங்களையே நாங்கள் பேசுவது வழக்கம். இந்த முறை உங்களில் பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது இரைப்பையிலும் குடலிலும் வருகிற ஓர் அரிய புற்றுநோய். மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக 'ஜிஸ்ட்' என்கிறார்கள்.

"ஐயா, ஆயிரம் பேருக்கு வருகிற வியாதி எத்தனையோ இருக்க, லட்சத்தில் ஒருவருக்கு வருகிறதற்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று ஒரு சபை மூப்பர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். காணிக்கை கொடுக்கிறவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இன்றைய உரையை அமைத்திருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உலகத்தின் பல நாடுகளில் எடுத்த கணக்குப்படி, 10 லட்சம் பேருக்கு வருடத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு இந்த வியாதி புதிதாக வருகிறது. 2019-ல் உருவான நமது கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஜனத்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ பதின்மூன்றரை லட்சம். அந்த விகிதம் இங்கேயும் பொருந்துமானால், வருடத்துக்குப் பதினைந்து, இருபது பேர். அந்த இருபது பேர் எங்கே இருக்கிறார்கள்? எத்தனை பேருக்கு இதுதான் வியாதி என்று தெரியும்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

என்ன வியாதி இது?

நாம் சாப்பிட்ட சோறு இரைப்பையிலிருந்து குடல் வழியாகக் கீழே நகர வேண்டும். அதற்கு இரைப்பையும் குடலும் தாளம் தப்பாமல் சுருங்கி விரிய வேண்டும். அந்தத் தாளத்தைப் போடுகிற விசேஷமான செல்கள் குடல் சுவரின் தசைக்குள் இருக்கின்றன. 1906-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி கஹால் அவற்றைக் கண்டு எழுதியதால் அவர் பெயரே அந்தச் செல்களுக்கு நிலைத்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தாளக்காரர்களின் இனத்திலிருந்துதான் இந்தக் கட்டி முளைக்கிறது. பத்தில் ஆறு பேருக்கு இரைப்பையிலும், மூன்று பேருக்குச் சிறுகுடலிலும், மற்றவர்களுக்கு வேறு இடங்களிலும் வருகிறது.

சாதாரணமான இரைப்பைப் புற்றுநோய் உள்தோலில் புண்ணாகத் தொடங்கும். இது அப்படியல்ல. தோலுக்கு அடியில், சுவருக்குள் வளரும். அதனால் வெகுநாள் வரைக்கும் வலியே இராது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். சில வேளை கட்டியின்மேல் புண் உண்டாகி இரத்தம் மெதுவாகக் கசியும். மலம் தார் போலக் கறுப்பாகப் போகும். ஆள் வெளுத்து, படி ஏறினால் மூச்சு வாங்கும்.

இப்போது கல்வராயன் மலையில் மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிற ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். உடம்பு வெளுத்திருக்கிறது என்றால் அவரும் சொல்லுவார், நாமும் சொல்லுவோம்: சத்துக் குறைவு, வயிற்றுப் பூச்சி, அடுத்தடுத்துப் பிரசவம். இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். ஆகவே கறுப்பு மலத்தை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள். இரத்தம் ஏறியதுபோல ஏறித் திரும்பவும் இறங்கும். இப்படியே ஒன்றிரண்டு வருடம் போய்விடும்.

எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தாலும், மேல்தோல் வழவழப்பாக இருந்து உள்ளே ஒரு மேடு மட்டும் தெரியும். மேலாகக் கிள்ளி எடுத்த சதையில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். சி.டி. ஸ்கேனும், அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாய் வழியாக ஊசி விட்டு எடுக்கிற சதைப் பரிசோதனையும், அந்தச் சதைக்குச் சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்ப்பதும் இருந்தால்தான் ஊர்ஜிதமாகும். அந்த வசதிகள் பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு நம் ஜனங்கள் போய்ச் சேர வேண்டும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவதே பலருக்கு ஒருநாள் கூலியை இழக்கிற பயணம். அதற்கு அப்பால் வேலூர் என்றால் அது அவர்களுக்கு வேறு தேசம்.

ஓசாகாவிலிருந்து ஹெல்சிங்கி வரைக்கும்

இந்த வியாதியின் சரித்திரத்தைக் கேட்டால் தேவனுடைய கிருபையை நினைத்து நாம் ஆச்சரியப்படாமல் இருக்க முடியாது.

1998-க்கு முன்னால் இதைத் தசைக் கட்டிகளோடு சேர்த்தே எண்ணினார்கள். அறுவை செய்து முழுவதும் எடுக்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். ஈரலுக்கோ வயிற்றின் மற்றப் பகுதிகளுக்கோ பரவிவிட்டால் வழியில்லை. மற்றப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கிற ஊசி மருந்துகளும் கதிர் சிகிச்சையும் இதன்மேல் ஏறக்குறைய வேலை செய்யவே இல்லை. பரவிய நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு வருடத்தைக் காணவில்லை.

1998 ஜனவரியில் ஜப்பானின் ஓசாகாவிலிருந்து டாக்டர் செய்ச்சி ஹிரோட்டாவும் அவருடைய உடன் ஊழியர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இந்தக் கட்டியின் செல்களில் 'கிட்' என்னும் மரபணுவில் ஒரு பிழை இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இதை எங்கள் வார்டில் விவசாயிகளுக்கு விளக்குகிறபடியே உங்களுக்கும் சொல்லுகிறோம். கிட் என்பது செல்லின் மேல் இருக்கிற மோட்டார் ஸ்டார்ட்டர். வெளியிலிருந்து ஒருவர் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும், செல் பெருகும். வேலை முடிந்தால் நின்றுவிடும். இந்த வியாதியில் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டது. ஒருவரும் அழுத்தாமலே மோட்டார் இராப்பகலாக ஓடுகிறது. வயல் நிரம்பி வரப்பு உடைந்தாலும் நிற்பதில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் டாக்டர் பிரையன் ட்ரூக்கர் என்பவர் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். இமாட்டினிப் என்பது அதன் பெயர். ஸ்விட்சர்லாந்தின் நோவார்டிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. அது அந்த இரத்த நோயின் ஸ்டார்ட்டரை நிறுத்துகிறது. அதே மருந்து கிட் என்னும் ஸ்டார்ட்டரையும் நிறுத்தும் என்பது சோதனைக்கூடத்தில் தெரியவந்தது. மின்சாரம் ஏறுகிற இடத்தில் பியூஸைப் பிடுங்கிப் போட்டதுபோல.

2000 மார்ச் மாதம், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்தில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணிக்கு டாக்டர் ஹெய்க்கி யொவென்சூ இந்த மாத்திரையைக் கொடுத்தார். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின்னும் அவருக்கு வியாதி ஈரலில் பரவியிருந்தது. செய்வதற்கு வேறொன்றும் மிஞ்சவில்லை. உலகத்தில் இந்த வியாதிக்கு இமாட்டினிப் பெற்ற முதல் நோயாளி அவரே. ஒரு மாதத்துக்குள் கட்டிகள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கின. 2001 ஏப்ரலில் அந்த ஒரே நோயாளியின் விவரம் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. 2002-ல் 147 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. அந்த வருடம் பிப்ரவரியிலேயே அமெரிக்க அரசு இந்த வியாதிக்கு அந்த மருந்தை அனுமதித்துவிட்டது. பிழை இன்னதென்று கண்டுபிடித்ததிலிருந்து மருந்து அனுமதி பெற்றது வரைக்கும் நான்கே வருடம்!

மூப்பருடைய கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இங்கே கிடைக்கிறது. முதலில் சுகம் கண்டது ஓர் ஆள்தான். அந்த ஓர் ஆளுக்காக ஒருவர் மெனக்கெட்டதால் பின்னால் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கதவு திறந்தது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் உவமையை நாம் ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கணக்குப் பார்த்தால் மேய்ப்பன் செய்தது நஷ்டம்.

விலை என்னும் சுவர்

மருந்து வந்தது. ஆனால் எவ்வளவுக்கு வந்தது? நம் நாட்டில் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இந்த மாத்திரையை மாதாமாதம், வருடக்கணக்காகச் சாப்பிட வேண்டும். நம் சபைகளில் எத்தனை குடும்பத்துக்கு இது ஆகும்?

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனமே 2002 முதல் மாக்ஸ் பவுண்டேஷன் என்னும் தர்ம ஸ்தாபனத்தோடு சேர்ந்து, கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசமாக மருந்து வழங்கும் திட்டத்தை நடத்தியது. இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்கள் அதனால் பிழைத்தார்கள். அதற்காக நாம் நன்றி சொல்லுகிறோம். என்றாலும் தானம் ஒருவருடைய நல்ல மனதைப் பொறுத்தது. எல்லாருக்கும் எட்டுகிற விலையோ நிரந்தரமானது.

இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை மாதம் 8 ஆயிரம் முதல் 10 ஆயிரம் ரூபாய்க்குள் தயாரித்தன. இதைத் தொடர்ந்து செய்யலாமா என்பதே வழக்கு. அதன் முதல் தீர்மானம் நம் சென்னையிலேயே எழுதப்பட்டது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அந்த மருந்தின் குறிப்பிட்ட ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை தர மறுத்தது. ஏற்கெனவே தெரிந்த மருந்துக்குப் புதிய வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, அதனால் குணமாக்கும் திறன் கூடியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்த மனுவை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கடைசியாக 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இந்த வழக்கில் எதிர்த்து நின்றவர்களில் மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஒன்று. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்று நமது மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. முன்னோர் கண்டிராத நாட்களை நாம் காண்கிறோம்.

"அப்படியானால் எங்கள் காணிக்கை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத்தான் வருகிறோம்.

நிறுத்தக் கூடாத மாத்திரை

இந்த மருந்து கட்டியைச் சுருக்குகிறது, அடக்குகிறது. பரவிவிட்ட வியாதியை வேரோடு பிடுங்கிவிடுவது அபூர்வம். பியூஸைப் பிடுங்கியதால் மோட்டார் நின்றது. ஸ்டார்ட்டர் இன்னும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. பியூஸைத் திரும்பப் போட்டால் மோட்டார் மறுபடியும் ஓடும்.

பிரான்சு நாட்டு மருத்துவர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பரவிய வியாதி உள்ளவர்களில், 3 வருடம் மருந்து சாப்பிட்டு வியாதி அடங்கியிருந்தவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் தொடர்ந்து சாப்பிட்டது, மற்றொரு கூட்டம் நிறுத்தியது. 2 வருடம் கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு வியாதி வளரவில்லை. நிறுத்தியவர்களில் அப்படி இருந்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே. 2010-ல் இந்த முடிவு வெளியானது. நிறுத்தியவர்களுக்கு மருந்தைத் திரும்பக் கொடுத்தபோது பெரும்பாலோருக்கு வியாதி மறுபடியும் அடங்கியது என்பது ஆறுதல். ஆனாலும் மருத்துவர்கள் காத்திருந்து, ஸ்கேன் எடுத்து, உடனே மருந்தைத் தொடங்கிய இடம் அது. மலையில் அப்படிக் காத்திருப்பவர் யார்?

அறுவை செய்து கட்டியை முழுவதும் எடுத்துவிட்டவர்களுக்குக் கணக்கு வேறு. வியாதி திரும்பி வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள் ஒரு வருடம் சாப்பிட்டால் போதுமா, மூன்று வருடம் வேண்டுமா என்று பின்லாந்து, நார்வே, ஸ்வீடன், ஜெர்மனி நாடுகளில் 400 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. மூன்று வருடம் சாப்பிட்டவர்களில் 92 சதவீதம் பேர் ஐந்து வருடத்துக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். ஒரு வருடம் சாப்பிட்டவர்களில் அது 82 சதவீதம். அந்தப் பத்துச் சதவீதம் என்பது நூறு வீடுகளில் பத்து வீட்டின் விளக்கு.

இனி எங்கள் வார்டின் காரியத்துக்கு வருகிறோம். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்ட ஒரு பெரியம்மா எங்களிடம் சொன்னார்: "சாமி, கட்டி கரைஞ்சு போச்சுன்னு ஸ்கேன் எடுத்தவங்க சொல்லிட்டாங்க. சோறு நல்லா இறங்குது. காட்டு வேலைக்கும் போறேன். இனி எதுக்கு மாத்திரை?"

"அம்மா, மாத்திரை இருக்கிறதாலதான் சோறு இறங்குது" என்றோம்.

"மாத்திரை சாப்பிட்டா கண்ணு வீங்குது சாமி. காலு சுண்டி இழுக்குது."

இது உண்மை. முகமும் கண்ணிமையும் வீங்குவது, குமட்டல், வயிற்றுப்போக்கு, தசைப்பிடிப்பு, சிலருக்கு இரத்த அணுக்கள் குறைவது ஆகிய தொந்தரவுகள் இந்த மருந்தில் உண்டு. சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் சாப்பிட்டால் பல தொந்தரவு குறையும். மற்றதை மருத்துவர் சரிப்படுத்துவார். வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும், நாட்டு மருந்தே ஆனாலும், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும். அந்த அம்மாவிடம் இவற்றைச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த மாதம் திரும்பி வருவதற்கு அவருக்குப் பேருந்துக் கட்டணம் வேண்டும், கூட வருகிற மகனுக்கு ஒருநாள் கூலி போகும், பரிசோதனைக்குப் பணம் வேண்டும். வியாதியில்லாதவர் போல நடமாடுகிற ஒருவருக்காக வீட்டார் எத்தனை மாதம் இதைச் செய்வார்கள்? நெல் அறுப்பு வரும், மரவள்ளி பிடுங்கும் காலம் வரும், ஒரு மாதம் தப்பும், பிறகு இரண்டாகும்.

ஜெபமும் மாத்திரையும்

இங்கே போதகர்களும் சபை மூப்பர்களும் உட்கார்ந்திருப்பதால் இன்னும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

சுகம் கிடைத்த ஒருவர் சபையில் எழுந்து சாட்சி சொல்லுகிறார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் அவர் காதில், "இன்னும் ஏன் மாத்திரை? உனக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டுவிடுகிறார். கேட்டவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். ஆனால் அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரை எடுத்துவிடக் கூடும். மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு முதல் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் தெரியாது. நன்றாகவே இருப்பார்கள். அதை விசுவாசத்தின் பலன் என்று எல்லாரும் நினைப்பார்கள். கட்டி வளர்ந்தது வெளியே தெரிகிற வேளையில் காலம் போயிருக்கும்.

நாற்பது வருடத்துக்கு நெருக்கமாக வியாதியஸ்தர் படுக்கையருகே நின்று ஜெபித்து வருகிறோம். ஜெபத்தின் வல்லமையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. தினமும் சாப்பாட்டுக்கு முன் ஸ்தோத்திரம் செலுத்துகிறோமே, அதற்காகச் சாப்பிடாமல் எழுந்திருக்கிறோமா? மாத்திரையைக் கையில் வைத்து ஸ்தோத்திரம் செய்து விழுங்குகிறவரும் விசுவாசிதான். ஓசாகாவில் நுண்ணோக்கியில் குனிந்திருந்தவருக்கு அறிவைக் கொடுத்தவர் யார் என்று நாம் அறிவோம். ஆகவே போதகர்களே, உங்கள் சபையில் இந்த வியாதியஸ்தர் இருந்தால், "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். மருந்தை நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லி நிறுத்தட்டும்.

இன்னும் தீராதவை

எல்லாம் ஜெயமாகிவிட்டது என்று சொல்லி உங்களை அனுப்ப மாட்டோம். பரவிய வியாதி உள்ளவர்களில் பலருக்கு ஏறத்தாழ இரண்டு வருடத்தில் கட்டி இந்த மருந்துக்குப் பழகிப்போகிறது. மரபணுவில் புதிய பிழை உண்டாகி, மருந்து உட்காருகிற இடம் மாறிவிடுகிறது. அதற்காக 2006-ல் சுனிட்டினிப், 2013-ல் ரெகோராஃபெனிப், 2020-ல் ரிப்ரெட்டினிப் என்று அடுத்தடுத்த மருந்துகள் வந்தன. இவை ஒவ்வொன்றும் சில மாதங்களை, சிலருக்குச் சில வருடங்களைக் கூட்டிக் கொடுக்கின்றன.

எல்லாக் கட்டியும் ஒரே ஜாதி அல்ல என்பதும் தெரியவந்தது. 2003-ல் வேறொரு மரபணுவிலும் பிழை வரலாம் என்று கண்டார்கள். அதில் ஒருவகைப் பிழைக்கு இமாட்டினிப் கேட்பதே இல்லை. அவர்களுக்கென்று அவாப்ரிட்டினிப் என்னும் மருந்து 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறொரு வகைக்கு இமாட்டினிப்பை இரட்டிப்பு அளவில் கொடுக்க வேண்டியதாகிறது. பிள்ளைகளுக்கும் வாலிபருக்கும் அபூர்வமாக வருகிற வகை முற்றிலும் வேறு. ஆகவே எந்தப் பிழை என்று மரபணுப் பரிசோதனை செய்து மருந்தைத் தெரிந்தெடுப்பதே இன்று சரியான முறை. சிலருக்கு முதலில் மருந்தால் கட்டியைச் சுருக்கி, பிறகு சிறிய அறுவையாக முடிக்கிறார்கள்.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. இந்த மருந்தின் ஆரம்ப நாட்களில், பரவிய வியாதியோடு ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று 2017-ல் அறிவித்தார்கள். இரண்டு வருடம் காணாத வியாதியில் பத்து வருடம்! அந்தப் பத்து வருடத்தில் ஒரு மகள் படித்து முடிப்பாள், ஒரு பேரன் பிறப்பான்.

நாம் செய்யக்கூடியது

இப்போது மூப்பருடைய கேள்விக்கு மீதிப் பதில். ஜப்பான்காரர் கண்டுபிடித்தார். பின்லாந்துக்காரர் கொடுத்துப் பார்த்தார். சென்னையிலும் டெல்லியிலும் வழக்காடி விலையைத் தாழ்வாக வைத்தார்கள். அரசு காப்பீடு கொடுத்தது. இவ்வளவு தூரம் வந்த மாத்திரை, கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற அந்தக் கடைசிப் பாதையில் நின்றுபோகிறது. அந்தத் தூரத்தை மட்டும் கடக்கச் செய்வது நம்முடைய பங்கு. அது சிறிய பங்கு. ஆனால் வேறு யாரும் செய்யாத பங்கு.

ஆகவே உங்கள் காணிக்கையில் ஒரு பகுதியை நான்கு காரியங்களுக்காக ஒதுக்கும்படி கேட்கிறோம். நோயாளியும் துணைக்கு ஒருவரும் மாதாமாதம் வந்து போகப் பேருந்துக் கட்டணம். காப்பீட்டில் அடங்காத ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனைச் செலவு. வேலூருக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் தங்கவும் சாப்பிடவும் கொஞ்சம் பணம். நான்காவது, வர முடியாத மாதத்தில் மலைக்கு மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்து, எப்படி இருக்கிறார் என்று பார்த்து வருகிற ஒரு ஊழியருக்கு வழிச்செலவு. இந்த ஊழியர் காசநோய்க்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் அதே பயணத்தில் பார்ப்பார். ஒரே ஆட்டைத் தேடிப் போகிற பாதையில் வேறு பல ஆடுகளும் அகப்படும்.

பணம் கொடுக்க முடியாதவர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவில், உங்கள் காட்டு வேலையில், ஒருவர் காரணமில்லாமல் வெளுத்துக்கொண்டே போகிறார், இரும்புச்சத்து மாத்திரைக்கும் தேறவில்லை, மலம் தார் போலப் போகிறது, அல்லது வயிற்றில் கட்டி தட்டுப்படுகிறது என்று தெரிந்தால், அவரைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். எங்கள் மருத்துவமனையே ஆக வேண்டும் என்பதில்லை, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையானாலும் சரி. பெரும்பாலும் அது சாதாரண வியாதியாகவே இருக்கும், சந்தோஷமாய்த் திரும்பிப் போவீர்கள். ஆனால் அந்த இருபது பேரில் ஒருவராக அவர் இருந்தால், இந்த மாத்திரை அவருக்கென்று காத்திருக்கிறது.

அந்தப் பெரியம்மா இந்த மாதமும் வந்தார். போன மாதத்து அட்டையை எங்களிடம் நீட்டினார். ஒரு மாத்திரையும் மீதியில்லை. மலை நெல்லிக்காய் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார், பேருந்துக்குக் கொடுத்தவர்களுக்கு என்று சொன்னார். அது உங்களுக்குரியது. பொட்டலம் வாசலில் இருக்கிறது, போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காத்து நடத்துவாராக. ஆமென்.